பின்னால் மினி லாரி இடித்ததில் டிரைவர் சீட் மட்டும் மல்லாந்துவிட்டது. கார் கம்பெனி மேல் வழக்கு நிற்குமா?

பெரம்பலூரான்:

உறவினர் காருக்காகக் கேட்கிறேன். நாலு வருடமான ஹேட்ச்பேக், வாங்கிய விலை 8.7 லட்சம். டோல்கேட் வரிசையில் நின்றிருந்தபோது லோடு ஏற்றிய மினி லாரி பின்னால் இடித்தது. ஓட்டியவருக்கு 58 வயது, 82 கிலோ, பெல்ட் போட்டிருந்தார். இடித்த வேகத்தில் அவருடைய சீட் முதுகு அப்படியே பின்சீட்டின் மேல் சாய்ந்துவிட்டது. கழுத்தில் சி6 எலும்பு முறிவு, ஆபரேஷன் முடிந்தது, இரண்டு கை விரல்களும் இன்னும் சரியாக மடங்கவில்லை. அவருக்குப் பின்னால் இருந்த 7 வயதுப் பையனுக்கு முழங்காலுக்குக் கீழே முறிவு. பக்கத்துச் சீட்டில் இருந்தவர் 64 கிலோ. அந்தச் சீட் நின்றது நின்றபடி இருக்கிறது, அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை.

மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்துவிட்டு, விபத்துக்கு இந்தக் காரின் இயந்திரக் கோளாறு காரணமில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். கார் இப்போது டீலர் ஷெட்டில். இன்சூரன்ஸில் டோட்டல் லாஸ் என்கிறார்கள். வண்டியை வேறு பெயருக்கு மாற்றும் ஃபாரம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டு ஆர்.சி., சாவி கொடுத்தால் வாரத்தில் பணம் வந்துவிடுமாம். சீட்டைப் பற்றிக் கேட்டால் டீலர் சொல்வது: "இவ்வளவு பெரிய இடிக்கு சீட் மடங்கத்தான் செய்யும், டிசைனே அப்படி."

அவர் சொல்வது சரியா? லாரிக்காரன் மேல் எப்படியும் கிளெய்ம் போகப் போகிறது. அதற்கு மேல் கார் கம்பெனியையும் கேட்க முடியுமா? கையெழுத்துப் போடுவதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

சால்வேஜ்_சர்வேயர்:

மற்றதெல்லாம் அப்புறம். 29, 30-ல் இன்று கையெழுத்துப் போடாதீர்கள். போட்டால் நாலு நாளில் வண்டி ஆன்லைன் ஏலத்துக்குப் போகும், பத்து நாளில் சீட் ஏதாவது ஒரு பழைய சாமான் கடையில் தொங்கும். சீட் போனால் உங்களிடம் மிஞ்சுவது மருத்துவமனைக் காகிதம் மட்டும்தான். சீட் வழக்கு பெரும்பாலும் கோர்ட்டில் தோற்பதில்லை, ஏல யார்டில்தான் தோற்கிறது.

ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில் (பாலிசியில் போட்டிருக்கும் வண்டி மதிப்பு) 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ். அதற்காக வண்டியைக் கொடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. வண்டியை நீங்களே வைத்துக்கொண்டு சால்வேஜ் மதிப்பை (உடைந்த வண்டிக்குக் கிடைக்கும் விலை) கழித்த பாக்கியை வாங்கும் வழி இருக்கிறது, ஆபீஸில் "நெட் ஆஃப் சால்வேஜ்" என்று சொன்னால் புரியும். உதாரணத்துக்கு ஐ.டி.வி. 5.2 லட்சம், ஏலத்தில் வந்த உயர்ந்த விலை 1.4 லட்சம் என்றால் கைக்கு 3.8 லட்சம், அதில் கட்டாயக் கழிவு (1500 சி.சி. வரை 1000 ரூபாய்) போக வரும். அந்த 1.4 லட்சம் உங்கள் சாட்சியத்தின் விலை என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கு முடிந்த பிறகு இரும்பு விலைக்காவது போகும்.

அவ்வளவு பணத்தை முடக்க முடியாது என்றால் அடுத்த வழி: இரண்டு முன்சீட்டையும், கீழே சீட் நகரும் தண்டவாளத்தோடும் போல்ட்டோடும், சால்வேஜ் பட்டியலில் சேர்க்காமல் உங்களிடமே விடச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். சர்வேயருக்கு ஒரு கடிதம், இன்சூரன்ஸ் கிளைக்கு ஒரு மெயில், டீலருக்கு ஒரு நகல். "பாகத்தைக் கழற்றவோ நகர்த்தவோ ஸ்கேனர் (கார் கணினியைப் படிக்கும் கருவி) போடவோ கூடாது" என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். பக்கத்துச் சீட்டையும் கேட்கிறீர்களே, அது நல்லாத்தானே இருக்கிறது என்பார்கள். அதனால்தான் கேட்கிறோம்.

இன்சூரன்ஸ் செட்டில்மென்ட் ரசீதில் "முழு, இறுதித் தீர்வு" என்று அச்சடித்திருக்கும். அது வண்டிச் சேதத்துக்கு மட்டும், உடற்காயத்துக்கும் தயாரிப்பாளர் மீதான உரிமைக்கும் பொருந்தாது என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அதோடு உரிமை மாற்றுக் கடிதம் ஒன்றும் நீட்டுவார்கள். கம்பெனி தான் கொடுத்த பணத்தை வேறு யாரிடமாவது வசூலிக்கும் உரிமை அது. அது செலுத்திய தொகை அளவுக்கு மட்டும் என்று இருக்கிறதா பாருங்கள்.

ஷெட்டில் நிறுத்தக் கட்டணம் நாள் கணக்கில் ஏறும். வீட்டில் இடமிருந்தால் பிளாட்பெட் வண்டியில் ஏற்றிக் கொண்டுவாருங்கள், கயிறு கட்டி இழுத்து வராதீர்கள். ஏற்றுவதற்கு முன்பும் இறக்கிய பிறகும் சீட்டைப் படம் எடுங்கள். எலி வராமல் மூடி வையுங்கள். வயரிங்கும் பெல்ட் நாடாவும்தான் எலிக்கு முதலில் பிடிக்கும்.

ஒரகடம்_சீட்_பிரிவு:

டீலர் சொன்னது பாதி சரி. பின்னாலிருந்து இடி விழுந்தால் முன்னே பாய்வது கார். உடம்பு இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது, சீட் முதுகு வந்து அதன்மேல் மோதுகிறது. அந்த நொடியில் பெல்ட்டுக்குப் பெரிய வேலை கிடையாது. தாங்க வேண்டியது முதுகு ஃபிரேம், சாய்வைப் பூட்டும் ரெக்லைனர், கீழ்த் தண்டவாளம், ஹெட்ரெஸ்ட். ஃபிரேம் கொஞ்சம் வளைந்து அடியை உள்வாங்க வேண்டும், அது டிசைனில் உண்டு. கட்டை மாதிரி விறைத்து நின்றால் உடம்பு எகிறி முன்னே வரும். ஆனால் வளைவது வேறு, பூட்டு விட்டு மல்லாந்து விழுவது வேறு. மல்லாந்தால் ஆள் முதுகுச் சாய்வின் மேல் வழுக்கிப் பின்னோக்கி ஏறுவார், தோள் பெல்ட் பிடிக்காது, தலை பின்சீட்டில் முட்டும், பின்னால் இருக்கும் குழந்தையின் கால்மேல் முழு சீட்டும் இறங்கும். நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு காயமும் இந்தப் பாதையில்தான் இருக்கின்றன.

இடி எவ்வளவு பெரியது என்று தோராயமாகப் போடலாம். ஆட்களோடு உங்கள் கார் 1150 கிலோ, லோடோடு மினி லாரி 2500 கிலோ, வந்த வேகம் 40 என்று வைத்தால், இரண்டும் ஒட்டிக்கொண்டு போகும் வேகம் 2500 பெருக்கல் 40 வகுத்தல் 3650, அதாவது மணிக்கு 27 கி.மீ. உங்கள் கார் பட்ட வேகமாற்றம் அதுதான். லாரியின் 40 அல்ல. கோர்ட்டில் எதிர்த்தரப்பு 40-ஐத்தான் பிடித்துத் தொங்கும், அதனால் இதைக் குறித்து வையுங்கள். கார்களை மோதவிட்டு மதிப்பெண் போடும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப்பின் கழுத்துக் காயச் சோதனையில் கடுமையான இடி ஏறக்குறைய 24 கி.மீ. வேகமாற்றம். அதில் சீட் முதுகு 32 டிகிரிக்கு மேல் திறந்தால் மதிப்பெண் வெட்டு. ஆக 27 என்பது யாரும் நினைத்தே பார்க்காத இடி இல்லை. அதே இடியை வாங்கிய பக்கத்துச் சீட் நிற்பதும் அதைத்தான் சொல்கிறது. எடை 82-க்கு 64 என்ற வித்தியாசம் உண்டு, அதைக் கட்டாயம் கிளப்புவார்கள். ஆனால் 18 கிலோ கூடுதலுக்கு ஒரு சீட் நிமிர்ந்தும் ஒரு சீட் படுத்தும் போகுமா என்பதை அவர்கள்தான் விளக்க வேண்டும்.

இனி செய்ய வேண்டியது. முக்கியமானது, செய்யக் கூடாதது: சாய்வு லீவரைத் தொடாதீர்கள். "லாக் ஆகிறதா பார்க்கலாம்" என்று ஷெட்டில் ஒருவன் ஒருமுறை இழுத்துவிட்டால், பல் எந்த இடத்தில் கவ்வியிருந்தது என்ற தடம் போய்விடும். சீட்டை முன்னே பின்னே நகர்த்தவும் கூடாது.

படம் எடுக்கும்போது ஒரு ஸ்டீல் ஸ்கேலைப் பக்கத்தில் வையுங்கள். போனில் சாய்வுமானி செயலி போட்டு, முதுகின் வெளி ஓரத்தில் ஓர் அளவு, உள் ஓரத்தில் ஓர் அளவு எடுங்கள். பல பட்ஜெட் கார்களில் பூட்டு வெளிப்பக்கம் மட்டும்தான். உள்பக்கம் வெறும் கீல், அல்லது ஒரு குறுக்குக் கம்பி வழியாக இழுபடும் இரண்டாவது பூட்டு. இரு ஓரமும் ஒரே கோணத்தில் இருந்தால் ஒரு கதை. வெளி ஓரம் மட்டும் அதிகம் சாய்ந்து முதுகு முறுக்கிக்கொண்டிருந்தால் வேறு கதை. தண்டவாளத்தில் சீட் எத்தனையாவது பல்லில் நிற்கிறது என்பதைக் கடைசியிலிருந்து எண்ணி எழுதுங்கள். மேல் தண்டவாளம் கீழ்த் தண்டவாளத்தை விட்டு உரிந்து வந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சீட்டுக்கு அடியிலோ பக்கத்திலோ ஒரு பார்கோடு ஸ்டிக்கர் இருக்கும், பாக எண், தயாரித்த நாள் எல்லாம் அதில்தான்.

பிறகு வெல்டிங். ரெக்லைனர் வட்டும் முதுகின் பக்கத் தகடும் சேருமிடத்தைப் பாருங்கள். நல்ல வெல்டிங் பிய்ந்தால் பக்கத்துத் தகட்டையும் கிழித்துக்கொண்டு வரும். ஸ்பாட் வெல்டாக இருந்தால் ஒரு தகட்டில் பொத்தான் மாதிரி உலோகம் ஒட்டியிருக்கும், எதிர்த் தகட்டில் அதே அளவு ஓட்டை. மாறாக இரண்டு தகடும் தட்டையாக, சுத்தமாகப் பிரிந்திருந்தால், உலோகம் உருகிக் கலக்கவே இல்லை என்று சந்தேகப்படலாம். முறிந்த முகத்தில் விரல் வைக்காதீர்கள், துடைக்காதீர்கள், துரு பிடிக்கக் கூடாது என்று எண்ணெய் பூசாதீர்கள். சிலிகா ஜெல் பொட்டலத்தோடு பிளாஸ்டிக் சுற்றி வைத்தால் போதும்.

பின்சீட்டின் மேல் விளிம்பையும் பாருங்கள். முடி, தோல், கறை ஏதாவது இருந்தால் தலை முட்டிய இடம் அது. பெல்ட் நாடா தோளுக்கு மேல் வளையத்தில் உரசிய தடமும் வேண்டும், இல்லாவிட்டால் பெல்ட் போடவில்லை என்று சொல்வார்கள்.

கோவை_நுகர்வோர்_வக்கீல்:

மேலே இருவரும் சொன்னதைச் செய்துவிட்டு வாருங்கள் சார். சட்டம் இப்படி.

இரண்டு வழக்கு, இரண்டு இடம். லாரி ஓட்டுநர், உரிமையாளர், அதன் இன்சூரன்ஸ் மீது மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு, மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 166. விபத்து நாளிலிருந்து 6 மாதம் என்று 2019 திருத்தம் சொல்கிறது, அதற்குள் போட்டுவிடுங்கள். கார் தயாரிப்பாளர் மீது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் தயாரிப்புப் பொறுப்புப் புகார், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, அத்தியாயம் 6. இதற்கு 2 வருடம், பிரிவு 69.

ஆய்வாளர் அறிக்கையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கெட்டுப்போய் விபத்து நடந்ததா என்பதுதான் அவருக்கு வைக்கப்படும் கேள்வி. இல்லை என்றார், சரி. நம் கேள்வி விபத்து ஏன் நடந்தது என்பதல்ல, நடந்த விபத்தில் காயம் ஏன் இவ்வளவு பெரிதானது என்பது. அமெரிக்காவில் இந்தப் பிரிவினையை 1968-லேயே ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், ஜெனரல் மோட்டார்ஸ் காரின் ஸ்டீயரிங் தண்டு ஓட்டுநரின் தலைப் பக்கம் தள்ளப்பட்ட வழக்கில், ஏற்றுக்கொண்டது. கார் மோதலில் சிக்குவது தயாரிப்பாளர் எதிர்பார்க்க வேண்டிய விஷயம்தான் என்பது அதன் சாரம்.

நம் சட்டத்தில் பிரிவு 84 போதும். தயாரிப்பில் குறை, டிசைனில் குறை, தயாரிப்பு அளவீட்டிலிருந்து விலகல், கொடுத்த உத்தரவாதத்துக்குப் பொருந்தாமை, போதிய எச்சரிக்கை இல்லாமை, இவற்றில் ஏதாவது ஒன்று. கம்பெனி அசட்டையாக இருந்தது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. யாரைச் சேர்ப்பது என்றால், பிரிவு 2(36) தயாரிப்பாளர் என்பதில் பாகத்தைச் செய்பவரையும், பிறர் செய்த பாகங்களைக் கோப்பவரையும், தன் முத்திரை போடுபவரையும் சேர்த்தே சொல்கிறது. ஆகவே கார் கம்பெனியோடு சீட் சப்ளையரும் எதிர்மனுதாரர். டீலர் மீது பிரிவு 86 உண்டு, ஆனால் அவர் சீட்டைப் பிரித்து மாட்டினார், சோதிப்பதில் கவனக்குறைவாக இருந்தார் என்கிற மாதிரி ஏதாவது இருந்தால்தான் நிற்கும். சர்வீஸ் ரெக்கார்டில் சீட் வேலை ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று. பிரிவு 2(22)-ல் "தீங்கு" என்பதில் உடற்காயம், மரணம், காயத்தோடு வரும் மன உளைச்சல், மற்ற சொத்துச் சேதம் உண்டு. அந்தப் பொருளுக்கே வந்த சேதம் கிடையாது. அதனால் காயத்துக்கு இழப்பீடு தயாரிப்புப் பொறுப்பின் கீழ், சீட்டுக்கோ காருக்கோ மாற்று வேண்டுமென்றால் அது குறையுள்ள பொருள் என்ற தனிக் கோரிக்கை. ஒரே புகாரில் இரண்டையும் தலைப்புப் பிரித்து எழுதலாம். முழுக் காரையும் மாற்றிக் கேட்பதில் நிதானமாக இருங்கள். 2006-ல் மாருதி வழக்கில் உச்ச நீதிமன்றம் குறையுள்ள பாகத்தை மாற்றினால் போதும் என்றது.

உங்களுக்குச் சாதகமாக 2022 ஏப்ரல் 20 தீர்ப்பு இருக்கிறது. ஹூண்டாய் கிரெட்டாவில் ஏர்பேக் விரியவில்லை. டெல்லி மாநில ஆணையம் மருத்துவச் செலவுக்கும் வருமான இழப்புக்கும் 2 லட்சம், மன உளைச்சலுக்கு 50 ஆயிரம், வழக்குச் செலவு 50 ஆயிரம், அதோடு வண்டியை மாற்றித் தரவும் உத்தரவிட்டது. தேசிய ஆணையமும் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தன. மோதலின் வேகத்தையும் விசையையும் கணக்குப் போட நுகர்வோர் இயற்பியல் நிபுணர் அல்ல என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் அந்த ஒரு வரியை நம்பி நிபுணர் அறிக்கை இல்லாமல் போகாதீர்கள். ஏர்பேக் விரியாதது கண்ணுக்குத் தெரியும். சீட் ஏன் மடிந்தது என்பது தெரியாது.

நிபுணர் அறிக்கைக்கு வழி பிரிவு 38(2)(சி). ஆணையமே பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பும், 45 நாளில் அறிக்கை, கட்டணத்தை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். புனேயிலுள்ள இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம் (ஏ.ஆர்.ஏ.ஐ.) அல்லது ஒரகடத்திலுள்ள வாகன ஆராய்ச்சி மையத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஆணையத்தின் வரம்பு நீங்கள் கேட்கும் தொகையை வைத்து அல்ல, பொருளுக்குக் கொடுத்த விலையை வைத்து. 50 லட்சம் வரை மாவட்டம், எனவே 8.7 லட்சம் காருக்கு உங்கள் ஊர் ஆணையமே. கட்டணம் 200 ரூபாய். நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம். வாங்கியவர் பெயரில் புகார், பையன் சார்பில் பெற்றோர். வாங்கியவர் அனுமதியோடு பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான்.

அதற்கு முன் வக்கீல் நோட்டீஸ். அதில் இரண்டு விஷயம் முக்கியம்: இன்ன தேதியில் இன்ன இடத்தில் சீட்டை வந்து கூட்டாகப் பார்க்கலாம் என்ற அழைப்பு, அந்தப் பேட்ச் சீட்டுகளின் வெல்டிங் சோதனைப் பதிவுகளை அழிக்கக் கூடாது என்ற கோரிக்கை. "எங்கள் லேபில் பார்த்துச் சொல்கிறோம், கொடுத்தனுப்புங்கள்" என்பார்கள். கொடுக்காதீர்கள். வந்து பார்க்கட்டும், படம் எடுக்கட்டும், அறுப்பது மட்டும் இரு தரப்பும் இருக்கும்போது.

ஒரே காயத்துக்கு இரண்டு இடத்தில் முழுப்பணம் கிடையாது. இரண்டு மனுவிலும் மற்ற மனுவைச் சொல்லிவிடுங்கள். தீர்ப்பாய மனுவில் "காயம் முழுவதும் லாரியால் மட்டுமே" என்று வழக்கமான வாசகத்தைத் தட்டச்சர் போட்டுவிடுவார், அதை வெட்டுங்கள். கம்பெனி வக்கீல் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.

ஸ்லெட்_டெஸ்ட்:

ஒரகடம் நண்பர் சொன்னதோடு ஒரு எச்சரிக்கை. "சீட் அரசுச் சோதனையில் பாஸ்" என்ற சான்றிதழைக் கம்பெனி நிச்சயம் நீட்டும். அது பொய்யாக இருக்காது. ஆனால் அந்தச் சோதனை கேட்பது என்ன என்று பாருங்கள். ஐ.நா. ஒழுங்குமுறை 17-ல் முதுகு ஃபிரேம் தாங்க வேண்டிய திருப்புவிசை 530 நியூட்டன் மீட்டர். அமெரிக்க விதி 207-ல் 373 மட்டுமே, 1960-களின் கடைசியில் போட்ட எண் அது. இப்போது உங்கள் உறவினரைக் கணக்குப் போடுங்கள். இடுப்புக்கு மேல் உள்ள எடை சுமார் 50 கிலோ. 10 ஜி (புவியீர்ப்பைப் போல 10 மடங்கு) என்றால் விசை 4900 நியூட்டன். முதுகுக் கீலிலிருந்து கால் மீட்டர் உயரத்தில் அது விழுவதாக வைத்தால் 1225 நியூட்டன் மீட்டர். விதி கேட்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். ஒழுங்காகச் செய்யும் கம்பெனிகள் விதியைத் தாண்டிப் பல மடங்கு பலமாகச் செய்கின்றன, செய்யாததும் பாஸ் ஆகிவிடும். அதனால் பாஸ் சான்றிதழ் குறைந்தபட்சத்துக்கான சான்று, பாதுகாப்பானது என்பதற்கல்ல.

இந்தியாவின் மோதல் சோதனையான பாரத் என்கேப் தரும் நட்சத்திரமும் இங்கே உதவாது, எதிர்த்தரப்புக்கும் உதவக் கூடாது. அதில் முன்மோதல் 64 கி.மீ., பக்கமோதல் 50 கி.மீ., கம்ப மோதல் 29 கி.மீ. உண்டு. பின்மோதலில் சீட் எப்படி நடந்துகொள்கிறது என்பதற்கு மதிப்பெண் இல்லை. ஐந்து நட்சத்திரக் கார் என்று வாதம் வந்தால் இதைச் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் இந்தக் கதை பழசு. டென்னசி மாநில உச்ச நீதிமன்றம் 2008-ல் டாட்ஜ் கேரவன் வழக்கில், முன்சீட் பின்னால் விழுந்து எட்டு மாதக் குழந்தை இறந்ததற்கு, இழப்பீட்டுக்கு மேல் தண்டத் தொகையாக ஏறக்குறைய 1.33 கோடி டாலரை நிலைநிறுத்தியது. 2018-ல் டல்லாஸ் நடுவர் குழு ஒரு லெக்ஸஸ் வழக்கில் 24 கோடி டாலருக்கு மேல் போட்டது. அங்கும் முன்சீட்டுகள் சாய்ந்து பின்னால் இருந்த இரண்டு குழந்தைகளுக்குத் தலைக்காயம். விதி 207-ஐத் திருத்தச் சொல்லி 1989-லேயே மனு போயிற்று. 2004-ல் அந்த வேலையை மூடினார்கள். அமெரிக்க நாடாளுமன்றம் 2021 சட்டத்தில் மீண்டும் கேட்டு, 2024-ல்தான் முன்னறிவிப்பு வந்தது. அந்தத் தொகைகளைப் பார்த்து இங்கே கனவு காண வேண்டாம். அங்கே வக்கீல்கள் நிரூபித்தது எப்படி என்பதுதான் நமக்கு வேண்டும்: இதே விலையில், இதே எடையில், வேறு சீட் தாங்கியிருக்கும் என்று இன்னொரு சீட்டை ஸ்லெட்டில் (மோதலின் வேகமாற்றத்தைச் செயற்கையாகக் கொடுக்கும் சோதனை மேடை) வைத்துக் காட்டினார்கள்.

உங்கள் விஷயத்தில் இரண்டில் எது என்று சீக்கிரம் முடிவுசெய்ய வேண்டும். இந்த ஒரு சீட் மட்டும் மோசமாகச் செய்யப்பட்டதா, இல்லை அந்த மாடலின் எல்லா சீட்டும் இப்படித்தானா. முதலாவதென்றால் செலவு குறைவு, பக்கத்துச் சீட்டே சாட்சி. இரண்டாவதென்றால் அதே பாக எண்ணில் புதுச் சீட் வாங்கி இழுத்துப் பார்க்க வேண்டும், லட்சக்கணக்கில் போகும். ஸ்லெட் என்றால் இன்னும் அதிகம்.

ஏர்பேக் கணினியை மறக்காதீர்கள். உங்கள் மாடலில் பதிவு வசதி இருந்தால் வேகமாற்றம், பெல்ட் நிலை அதில் இருக்கும். பின் இடியில் ஏர்பேக் விரியவில்லை என்றால் அந்தப் பதிவு பூட்டப்படாது, அடுத்த இடி அதன்மேல் எழுதிவிடலாம். பேட்டரியைக் கழற்றினால் அழியாது. ஷெட்டில் ஸ்கேனர் போட்டு "எரர் கிளியர்" அடித்தால்தான் ஆபத்து, சாவி போடுவதையும் தவிருங்கள். டோல்கேட் கேமரா பதிவுக்கு இன்றே கடிதம் கொடுங்கள், நகல் நெடுஞ்சாலை ஆணையத் திட்ட இயக்குநருக்கு. பழைய பதிவு மேல் புதிய பதிவு ஏறிக்கொண்டே இருக்கும்.

பெரம்பலூரான்:

எல்லோருக்கும் நன்றி. கையெழுத்துப் போடவில்லை, மெயில் போய்விட்டது. இன்று ஷெட்டில் பார்த்தது:

செங்குத்திலிருந்து வெளி ஓரம் 71 டிகிரி, உள் ஓரம் 54. முதுகு நன்றாக முறுக்கிக்கொண்டிருக்கிறது. லீவரை யாரும் தொடவில்லை என்கிறார்கள். தண்டவாளம் உரியவில்லை, கடைசியிலிருந்து ஆறாவது பல். வெளிப்பக்கம் ரெக்லைனர் வட்டு பக்கத் தகட்டோடு சேருமிடத்தில் அரைவட்டமாக வெல்டிங் விட்டிருக்கிறது. டார்ச் அடித்தால் வட்டின் விளிம்பு வெட்டிய புதுத்தகடு மாதிரி நேராக, மழமழவென்று இருக்கிறது. வெல்டிங் பொருள் எல்லாம் தகட்டுப் பக்கமே ஒட்டி நிற்கிறது, வட்டில் ஒன்றும் இல்லை. பக்கத்துச் சீட்டில் அதே இடம் முழுசாக இருக்கிறது. பின்சீட்டின் மேல் விளிம்பில் கறை, இரண்டு மூன்று முடி.

இரண்டு சந்தேகம். டெலிவரி எடுத்தபோது வெளியே சீட் கவர் போட்டோம், அதை "மாற்றியமைத்தது" என்பார்களா? பையன் பெல்ட் மட்டும் போட்டிருந்தான், பூஸ்டர் இல்லை.

கோவை_நுகர்வோர்_வக்கீல்:

கவர்: பிரிவு 87(1) தவறாகப் பயன்படுத்தியது, மாற்றியது என்ற தடையைச் சொல்வது "விற்பவர்" விஷயத்தில். தானே விற்கும் தயாரிப்பாளரும் விற்பவர்தான் என்று 2(37)-ஐக் காட்டி உள்ளே நுழையப் பார்ப்பார்கள். பதில் எளிது: துணிக் கவர் ரெக்லைனர் வெல்டிங்கில் கைவைக்கவில்லை. கவரைக் கழற்றாமல் அப்படியே படம் எடுங்கள், பில் இருந்தால் எடுத்து வையுங்கள். சீட்டில் பக்க ஏர்பேக் இருந்தால் கவர் வேறு பிரச்சினை, இங்கே அது சம்பந்தமில்லை.

பையன்: பிரிவு 194பி 14 வயதுக்குக் கீழ் உள்ளவருக்குப் பெல்ட் அல்லது குழந்தை இருக்கை என்றுதான் சொல்கிறது. பெல்ட் இருந்தது, சரி. கால் முறிந்தது முன்சீட் மேலே விழுந்ததால். பூஸ்டரில் உட்கார்ந்திருந்தாலும் கால் அதே இடத்தில்தான்.

அரசு மருத்துவமனையில் போட்ட ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, சி.டி. ஸ்கேன் படங்கள் உள்ள தட்டு, மூன்றும் வேண்டும். அறுவை செய்த டாக்டரிடம் ஒரே ஒரு குறிப்பு கேளுங்கள்: முறிவு தலை முட்டி அழுந்தியதால் வந்த வகையா, கழுத்து பின்னே வளைந்ததால் வந்த வகையா. அவர் சீட்டைப் பற்றி எதுவும் எழுத வேண்டியதில்லை.

ஒரகடம்_சீட்_பிரிவு:

17 டிகிரி முறுக்கு என்றால் வெளிப்பக்கம் முதலில் விட்டது, உள்பக்கம் தனியாக இழுபட்டு வளைந்தது என்று படிக்கலாம். வட்டில் உலோகம் ஒட்டாமல் விளிம்பு நேராக இருப்பது, உருக்கிக் கலக்காத வெல்டிங்கின் அடையாளம். வெல்டிங் போடும் ரோபோவின் முனை ஒன்றரை மில்லிமீட்டர் விலகினாலே இப்படி வரும், மேலே பார்த்தால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் படத்தை வைத்து முடிவு சொல்லக் கூடாது. வெல்டிங்கைக் குறுக்கே அறுத்து, பாலிஷ் போட்டு, நைட்டல் (நைட்ரிக் அமிலமும் ஆல்கஹாலும் கலந்த கரைசல்) தடவினால் எவ்வளவு ஆழம் உருகியிருக்கிறது என்று கோடு கோடாகத் தெரியும். அதைக் கூட்டு ஆய்வில் மட்டும் செய்யுங்கள், அறுக்காத பாதியைப் பத்திரமாக வையுங்கள். பக்கத்துச் சீட்டின் அதே வெல்டையும் அறுத்து ஒப்பிட வேண்டும். டிசைன் வழக்கின் செலவு உங்களுக்கு வராது போலிருக்கிறது.

இப்படி ஒரு வெல்டு என்றால் அந்த ஷிஃப்டில் அது ஒன்று மட்டும் என்பது அரிது. மோட்டார் வாகனச் சட்டம் 110ஏ-ல் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரம் மத்திய அரசுக்கு இருக்கிறது, 7 வருடத்துக்கு உட்பட்ட வண்டிக்கு மத்திய அரசின் வாகன் இணையதளத்தில் குறையைப் பதியலாம். உங்கள் நோட்டீஸ் போன மறுநாள் பதியுங்கள். அதற்கு முன் வேண்டாம், கம்பெனி ஆள் ஷெட்டுக்கு முதலில் வந்துவிடுவார்.

ஸ்டிக்கர் எண்ணை இங்கே போடாதீர்கள். படத்தை வக்கீலுக்கு மட்டும் அனுப்புங்கள்.